மரியநாயகியிடம் விட்டுப்போன ஜேர்மன் கமரா

“ஊரான்ரை சாமானுக்கு நான் காவல் நாய். ஒரு பிடி சோறு போட ஆளில்லை, குரைக்கிறது மட்டும் என்ரை வேலை.”

காலையில் படலையைத் திறக்கும்போது ஒருதரம், உலையை இறக்கும்போது ஒருதரம், புருசன் யாகப்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது இன்னொருதரம். மரியநாயகி இதைச் சொல்லாத நாள் கிடையாது. யாகப்பு முதலில் பதில் சொல்லிப் பார்த்தான். பிறகு அதையும் விட்டுவிட்டு எழும்பிப் போய்க் கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கிவிடுவான்.

அந்தச் சாமான் ஒரு கமரா. கைக்குள் அடங்குகிற, கனமான, பழைய ஜேர்மன் கமரா. அது அவளிடம் வந்தது மீனால்.

குருநகரில் இருந்த காலத்தில் மரியநாயகி கடகத்தில் மீனைச் சுமந்துகொண்டு நல்லூர் வரை நடந்து விற்றவள். நல்லூரில் ஸ்ரூடியோ வைத்திருந்த கனகலிங்கத்தின் வீடு அவளுடைய வாடிக்கை. மீன் கொஞ்சம் பழுதென்றால், “இண்டைக்கு என்னட்டை வாங்காதேங்கோ ஐயா, கத்தரிக்காயைச் சமையுங்கோ” என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கனகலிங்கம் அதை மறக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது அவர் ஸ்ரூடியோவைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கும், அங்கிருந்து ஜேர்மனிக்கும் போக முடிவெடுத்தார். வழியெல்லாம் சோதனை. கமராவோடு பிடிபட்டால் உளவாளி என்று உள்ளே போட்டுவிடுவார்கள். அதனால் கமராவை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மரியநாயகியிடம் நீட்டினார்.

“கொழும்பிலை உங்கடை அக்கா இருக்கிறா தானே ஐயா, ஆரிட்டையும் குடுத்து அவவுக்கு அனுப்புங்கோவன்” என்றாள் அவள்.

“சொந்தக்காரருக்குக் குடுத்தால் எங்கையாவது துலைச்சுப்போட்டு, களவு போயிட்டுது எண்டு என்னட்டையே அழுவினம். நீ வைச்சிரு. அப்பாவின்ரை காலத்துச் சாமான். உதைச் சும்மா குடுத்தாலும் இப்ப ஒருத்தரும் வாங்காயினம்.”

சும்மா கொடுத்தாலும் வாங்காத சாமான்தானே என்று அவளும் வாங்கி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஷெல்லடிக்குக் குருநகரை விட்டு ஓடி, அரியாலையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் கிடுகு வீட்டில் குடியேறியபோது மாதா சுரூபம், கருவாட்டு உப்புச் சாடி, பிஸ்கற் ரின் மூன்றையும் மறக்காமல் கொண்டுவந்தாள். அப்போது அவளுக்கு ரின்னைப் பற்றிப் பயம் இல்லை. ரின்னின் மேல் கோழி ஏறி நின்றாலும் துரத்தமாட்டாள்.

பிறகுதான் அரசாங்கத்தின் தடையால் பற்றரி வருவது நின்றது. யாழ்ப்பாணத்துக்குள் ஒரு பற்றரியைக் கொண்டுவருவது தங்கம் கடத்துவது மாதிரி ஆகியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோமே, அந்தக் காலம். நேற்று வாங்கிய புதுக் கமராக்கள் பற்றரி இல்லாமல் அலுமாரிக்குள் செத்துக் கிடந்தன. ஆனால் படத்தின் தேவை செத்துப் போகவில்லை. ஊரை விட்டு வெளியே போக இயக்கம் கொடுக்கிற பாசுக்குப் படம் வேண்டும். கனடா மாப்பிள்ளைக்குப் பெண்ணின் படம் வேண்டும். செத்த வீடென்றால் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று எடுத்த படம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். எப்படியோ ஒளித்து மறைத்துப் பிலிம் வந்தது. எடுக்கத்தான் கமரா இல்லை. பற்றரியே தேவையில்லாத, எல்லாவற்றையும் கையால் திருப்புகிற பழைய கமராக்களை அப்போதுதான் ஊர் தேடத் தொடங்கியது.

முதலில் வந்தவர் தியாகராசா. கனகலிங்கத்தின் ஸ்ரூடியோவில் வேலை செய்தவர், அந்தக் கமராவை நன்றாகத் தெரிந்தவர். கிளிட்டுக் கிளிட்டென்று அமத்திப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார்.

“உந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளாலை யாகப்பு அண்ணையைப் பாருங்கோ அக்கா.”

பார்த்தாள். யாகப்பு இரண்டு பேராகத் தெரிந்தான்.

“ஐயோ, ஒண்டைக் கட்டி மாரடிக்கிறதே காணும்!”

“முன்னுக்கு இருக்கிற வளையத்தைத் திருப்புங்கோ. ரெண்டும் ஒண்டாய் வரேக்கை அமத்தினால் படம் துலக்கமாய் விழும்.”

திருப்பினாள். இரண்டு யாகப்பும் மெல்ல நகர்ந்து ஒரு யாகப்பு ஆனார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கமராவோடு அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

“அந்தக் காலத்துப் பித்தளை. கறளே பிடிக்காது” என்றார் தியாகராசா. “கண்ணாடிதான் கவனம். ஈரம் பட்டால் உள்ளுக்கை பூஞ்சணம் பிடிச்சிடும். பிடிச்சுதெண்டால் அவ்வளவுதான்.” பிறகு, ஒரு பீப்பா மண்ணெண்ணெய் வாங்குகிற காசு தருவதாகச் சொன்னார்.

“என்ரை இல்லை அண்ணை. விக்க ஏலாது.”

அவள் உள்ளதைத்தான் சொன்னாள். தியாகராசா அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது புதுச் சைக்கிள் வாங்குகிற காசு. அவளுடைய பதில் மாறவில்லை. அரியாலையில் ஒரு மீன்காரி ஜேர்மன் கமராவை வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்கிறாளாம், அப்படியென்றால் ஏதோ பெரிய சாமானாகத்தான் இருக்கும் என்று கதை போனது. இரண்டு வருசத்தில் அது வள்ளத்து இயந்திரத்தின் விலைக்கு வந்து நின்றது. அவள் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் விலை ஏறியது. விலை ஏறிய ஒவ்வொரு முறையும் அவள் ரின்னைத் திறந்து கமரா கிடக்கிறதா என்று பார்த்தாள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் விலையுள்ள சாமான் தொலைந்தால் கருவாடு விற்றுக் கடனைக் கட்டலாம். வள்ளத்து இயந்திரத்தின் விலையுள்ளது தொலைந்தால்? தன்னையே விற்றாலும் கட்டமுடியாது என்று அவளுக்குத் தெரியும். எங்கேயோ ஒரு வீட்டில் தையல் மெசினுக்காகக் கிழவியைக் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் படலையைக் கயிற்றால் கட்டத் தொடங்கினாள். புருசனும் பெண்சாதியும் ஒன்றாய்ப் பூசைக்குப் போவது நின்றது. ஒருவர் முதல் பூசைக்கு, மற்றவர் இரண்டாம் பூசைக்கு. கமரா மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்து விறகுக்குள் போனது, விறகுக்குள் இருந்து கோழிக்கூட்டுக்குள் போனது. கோழி கொக்கரித்தால் இவள் எழும்பி ஓடுவாள்.

“வித்துத் துலையன்டி” என்றான் யாகப்பு. “அவன் வரப்போறதில்லை. அந்தக் காசுக்கு வலை வாங்கினால் நாங்களாவது சாப்பிடலாம்.”

“அவன் வராட்டில் அவன்ரை பாடு. நான் வித்தால் என்ரை பாடு. நம்பித் தந்ததை வித்துப்போட்டு மாதாவுக்கு முன்னாலை எந்த மூஞ்சையோடை செபம் சொல்லுறது?”

“அப்ப குரை. நெடுகக் குரை.”

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, மாரி தொடங்குகிற நேரம், ஒரு பின்னேரம் இரண்டு பெடியள் சைக்கிளில் வந்து படலையில் நின்றார்கள். முன்பின் தெரியாத முகம். ஒருவனுக்குக் கண் சிவந்திருந்தது. சிரிப்பில்லை.

“அம்மா, உங்கடை வீட்டிலை கமரா ஒண்டு இருக்காம். அவசரமாய்த் தேவை.”

மரியநாயகி படலைக் கயிற்றை அவிழ்க்கவில்லை. இயக்கப் பெடியள் என்று நினைத்தாள். கொடுத்தால் கமரா போய்விடும். ஏன் இவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருந்தாய், யாரைப் படம் எடுத்தாய், யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டால் யாகப்புவும் போய்விடுவான்.

“இல்லைத் தம்பி” என்றாள். “ஆரோ பகிடிக்குச் சொல்லியிருக்கினம். இஞ்சை கருவாடுதான் கிடக்கு.”

கண் சிவந்தவன் அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சைக்கிளைத் திருப்பினான்.

அந்தப் பார்வைதான் அவளைக் குழப்பிவிட்டது. இல்லையென்று சொல்லியாகிவிட்டது. இனி அந்தக் கமரா யாருடைய கண்ணிலும் படக்கூடாது. திரும்பி வந்து வீட்டைக் கிண்டினாலும் கை போகாத இடம் எது? மழை வேறு தொடங்கப்போகிறது, கூரை ஒழுகும், ஈரம் படும், தியாகராசா சொன்ன பூஞ்சணம் பிடிக்கும். கருவாட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அவளுடைய சனம் தலைமுறை தலைமுறையாய் என்ன செய்தது? உப்புப் போட்டது. மீன் ஒரு வருசம் கெடாமல் கிடக்கிறதே. இரும்பென்றால் உப்புத் தின்னும், அது அவளுக்குத் தெரியாததல்ல. இது கறள் பிடிக்காத பித்தளை என்று தெரிந்த மனிசனே சொல்லியிருக்கிறார்.

ரின்னிலிருந்து கமராவை எடுத்துச் சீலைத் துணியில் சுற்றி, உப்புச் சாடிக்குள் அடிமட்டும் புதைத்து, மேலே மூன்று பாரைக் கருவாட்டை அடுக்கினாள். மாரி முழுக்க அதைத் தொடவில்லை. சாடியைப் பார்க்கவே பயந்தாள்.

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை நின்றது. சனம் கொஞ்சம் மூச்சு விட்டது. கொழும்பிலிருந்து, கிளாலிக் கடனீரேரியைத் தாண்டுகிற வள்ளத்தில் ஒருவர் வந்து இறங்கி, தியாகராசாவையும் கூட்டிக்கொண்டு நேரே அரியாலைக்கு வந்தார். கனகலிங்கத்தின் அக்கா பூரணம்.

“நீதானோ மரியநாயகி? என்னை நம்பாமல் உன்னை நம்பினவன் என்ரை தம்பி. சரி, அது கிடக்கட்டும். ஜேர்மனியிலையும் உந்தக் கமராவுக்கு இப்ப விசர் பிடிச்சுத் திரியிறாங்களாம். படம் எடுக்க இல்லை, கண்ணாடி அலுமாரியிலை வைச்சுப் பாக்க! அவன் கொழும்பிலை விட்டிட்டுப் போன பெஞ்சாதி பிள்ளையளை அங்கை கூப்பிடுறதுக்கு இதை வித்து வாற காசைத்தான் நம்பியிருக்கிறான். எடு பாப்பம்.”

மரியநாயகிக்கு அப்பாடா என்று இருந்தது. இன்றோடு காவல் முடிந்தது. ஓடிப்போய்ச் சாடியை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். மூடியைத் திறந்தவுடனேயே அவளுடைய முகம் மாறிவிட்டது. மாரி ஈரத்துக்கு உப்புக் கசிந்து, சேறு மாதிரிக் கிடந்தது. துணி கமராவோடு ஒட்டியிருந்தது. உரித்தாள். கமராவைச் சுற்றி ஒட்டியிருந்த தோல் துணியோடு வந்தது. பித்தளை உடம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. தியாகராசா வாங்கி வளையத்தைத் திருப்பினார். அசையவில்லை. அமத்தினார். உள்ளே ஏதோ நொறுங்கியது.

சத்தம் கேட்டு வந்த அயலட்டைச் சனம் வேலியோரம் நின்றது.

“ஏசுங்கோ அக்கா” என்றாள் மரியநாயகி. “வாயை மூடிக்கொண்டு நிக்காதேங்கோ, எனக்குப் பயமாய்க் கிடக்கு.”

“உப்புக்குள்ளை ஆரடி கமராவை வைக்கிறது?”

“பூஞ்சணம் பிடிக்கக் கூடாதெண்டு சொன்னவர்…”

தியாகராசா கண்ணாடியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். “பூஞ்சணம் இல்லை” என்றார். “கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கு. உடம்புதான் பழுதாய்ப் போச்சு.”

வேலியோரத்தில் நின்றவர்களுக்குள் இருந்து ஒருவன் முன்னால் வந்தான். மாரியில் படலைக்கு வந்த கண் சிவந்த பெடியன். பெயர் சிமியோன். இயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலு ஒழுங்கை தள்ளி, இடம்பெயர்ந்து வந்து இருக்கிற குடும்பம்.

“அம்மா, இதைத்தானே அண்டைக்கு நாங்கள் கேட்டது? எங்கடை அம்மா செத்துப் பெட்டிக்குள்ளை கிடந்தவ. கனடாவிலை இருக்கிற அண்ணைக்கு முகம் காட்ட ஒரே ஒரு படம். ஒரு படமும் இல்லாமல்தான் தாட்டம்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மரியநாயகி தாங்கியிருப்பாள். அவள் அப்படியே முற்றத்தில் சாடிக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள்.

பூரணம் கமராவைக் கொண்டுபோகவில்லை. “இதைக் கொண்டுபோய் நான் அவனுக்கு என்னெண்டு சொல்லுறது? நீ வாங்கினனி, நீயே அவன்ரை கையிலை குடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, கமரா இன்னும் மரியநாயகியிடம்தான் இருக்கிறது. பழைய விலை அதற்கு இப்போது இல்லை. அவளுக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை. கனகலிங்கம் வந்து படலையில் நிற்பார், பெண்சாதி பிள்ளைகள் எங்கே என்று கேட்பார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பூசைக்கும் போவதில்லை. சமைத்ததை யாகப்புவுக்குப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுக்கிறாள். குரைப்பதையும் நிறுத்திவிட்டாள். “ஏதாவது சொல்லி ஏசடி” என்று யாகப்பு கெஞ்சுகிற அளவுக்கு வந்துவிட்டது.

தியாகராசா சொல்கிறார், கண்ணாடி நல்லபடியால் உடம்பைக் கழற்றிக் கழுவி எடுக்க முடியுமாம். தன்னால் ஏலாது, நுணுக்கமான கை வேண்டுமாம். மணிக்கூடு திருத்துகிறவர்கள், தையல் மெசின் கழற்றிப் பூட்டுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒருதரம் போய்ப் பாருங்கள். திருத்தத் தெரியாதவர்களும் போங்கள், கருவாடு வாங்குகிற சாட்டில் போங்கள். அரியாலையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை, முருங்கை மரத்தடியில் தகரப் படலை, கயிற்றால் கட்டியிருக்கும். படலையைத் தட்ட வேண்டாம். வெளியே நின்று, “மரியக்கா, நான் இன்னார் வந்திருக்கிறன்” என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் கேட்டால்தான் அவள் எழும்பி வந்து கயிற்றை அவிழ்ப்பாள்.