இரண்டு வண்டிக்கு ஒரே நாற்று

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் பூவிழியும் அவள் கணவன் முனிராஜும் நிழல்வலை போட்டுக் காய்கறி நாற்று வளர்க்கிறார்கள். தக்காளி நாற்று தயாரா, மிளகாய் எத்தனை டிரே இருக்கிறது என்று நாள் முழுக்க போன் வரும். மண்கையோடு எடுத்துப் பதில் சொல்லி அலுத்தவள், கையிருப்பைப் பார்த்து விவசாயிகளே முன்பதிவு செய்ய ஒரு வலைத்தளம் வேண்டும் என்று தீர்மானித்தாள்.

"தெரிஞ்சவங்க யாரையாச்சும் வச்சு செஞ்சுக்கலாமே," என்றான் முனிராஜ்.

"அப்புறம் ஒவ்வொரு மாத்தத்துக்கும் அவங்க பின்னாடி அலையணும். நானே கத்துக்கறேன்."

அவள் தாவரவியல் படித்தவள். வீடியோக்களைப் பார்த்து, வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளைக் கற்கத் தொடங்கினாள். தளத்துக்கு வேண்டிய அடிப்படையை அதுவே தந்துவிடும்; அதன்மேல் நம் வேலையை எழுதிக்கொள்ளலாம். எழுதியதை முதன்முதலாக ஓட்டியபோது திரை முழுக்கப் பிழைச் செய்தி. பூவிழி பதறவில்லை. வரிவரியாகப் படித்தாள். டிரே கணக்குக்கான அட்டவணையை எழுதியிருந்தாளே தவிர, அதைத் தரவுத்தளத்தில் உருவாக்கச் சொல்லவே இல்லை. ஒரு கட்டளை கொடுத்தாள், பக்கம் திறந்தது. அன்றைக்குச் சோறு தனி ருசியாக இறங்கியது.

தளம் வெளியான வாரமே வம்பு வந்தது. கடத்தூரிலிருந்து ஆரோக்கியராஜும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கலைவாணனும் ஒரே காலையில் வண்டியோடு வந்து நின்றார்கள். மீதமிருந்த தக்காளி நாற்று ஒருவருக்குத்தான் போதும். இருவருமே அதைப் பதிவு செய்திருந்தார்கள்.

"வயலை ஓட்டி வச்சுட்டு வந்திருக்கறேங்க," என்றார் கலைவாணன். "போன்ல கேட்டிருந்தா இப்பிடி ஆயிருக்குமா?"

"தப்பு நான் எழுதுனதுல இருக்குதுங்க," என்றாள் பூவிழி. முதலில் பதிந்த ஆரோக்கியராஜுக்கு நாற்றை ஏற்றிவிட்டு, தெரிந்த வேறொரு பண்ணையில் பேசி அதே ரகத்தைக் கலைவாணனுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

வண்டிகள் போனதும், "கொஞ்ச நாளைக்கு அந்தத் தளத்த மூடி வச்சுடு," என்றான் முனிராஜ்.

"மூடிட்டா என்ன தப்புன்னே தெரியாமப் போயிடும்."

நாற்றுக் கொட்டகையிலேயே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். பக்கத்தைக் காட்டும்போது கையிருப்பைப் பார்த்த நிரல், பதிவைச் சேமிக்கும்போது பார்க்கவில்லை. அதனால் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்திருந்த இருவருக்கும் அதே நாற்று பதிவாகியிருந்தது. சேமிக்கும் நொடியில் மறுபடி பார்க்கவும், ஒருவர் பதிவு முடியும்வரை அடுத்தவரை நிறுத்தி வைக்கவும் எழுதினாள். பிறகு சோதனைக்காகக் கையிருப்பில் ஒரே ஒரு டிரே என்று வைத்து, ஆளுக்கொரு போனில் அவளும் முனிராஜும் சேர்ந்து அழுத்தினார்கள். அவளுக்குப் பதிவாயிற்று, முனிராஜுக்கு "நாற்று தீர்ந்துவிட்டது" என்று வந்தது. மறுபடி ஒரு டிரே வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தும் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

அடுத்த சாகுபடிப் பட்டத்துக்குக் கலைவாணன் தளத்திலேயே பதிந்துவிட்டு வந்தார். டிரேக்களை ஏற்றி முடித்ததும், "கத்திரி நாத்து எப்ப வருதுன்னும் அதுல போட்டீங்கன்னா நல்லாருக்கும்ங்க," என்றார்.

"போட்டுடலாங்க," என்றாள். எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.