நந்தியாவட்டைப் புழுவிடம் சொன்னவை

நந்தியாவட்டையின் கீழே, சீமெந்து நிலத்தில் மிளகு கொட்டிக் கிடந்தால் மேலே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். மிளகு இல்லை, எச்சம். புழு சின்னதாக இருக்கும்போது கடுகளவில் விழும். வளர வளர மிளகாகும். காலையில் தேத்தண்ணீரோடு முற்றத்துக்கு இறங்கினால் நான் முதலில் நிலத்தைத்தான் பார்ப்பேன். இலையைப் பார்த்துத் தேடினால் கால் கடுக்க நின்றாலும் கண்ணில் படாது. நிலத்தைப் பார்த்துவிட்டு நேரே மேலே பார்த்தால், நடுவிரல் அளவில் ஒரு பெரிய மனிதர் தலைகீழாகத் தொங்கியபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பருந்து அந்துப்பூச்சியின் புழு இது. எங்கள் ஊரில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. செடியில் நெளிகிற எல்லாவற்றுக்கும் திருகோணமலையில் ஒரே பெயர்தான்: மயிர்க்கொட்டி. முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருந்து, மேலே விழுந்தால் தோலைத் தடிக்க வைக்கும் அந்த அசல் மயிர்க்கொட்டிக்கும் இந்த அப்பாவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதன் உடம்பில் ரோமமே இல்லை. பின்பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பு, கழுத்தடியில் நீலமாக இரண்டு பொய்க்கண். தொட்டால் தலையை உள்ளே இழுத்து, அந்தப் பொய்க்கண்ணைக் காட்டி வெருட்டப் பார்க்கும். நானும் பயந்தது போல ஒரு அடி பின்னால் போவேன். பாவம், அவ்வளவு பாடுபடுகிறது.

அசல் மயிர்க்கொட்டியால்தான் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கதைபேச்சு இல்லாமல் போனது. என் முருங்கையின் ஒரு கொப்பு வேலிக்கு மேலால் அவருடைய வளவுக்குள் சாய்ந்திருந்தது. அவர் உடுப்புக் காயப்போடும்போது ஒன்று கழுத்தில் விழுந்துவிட்டது. கோயில் தேருக்குக் கட்டவென்று எடுத்து வைத்த சேலை அப்படியே கிடக்க, அன்று முழுவதும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். அது பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஒரு கலியாண வீட்டுக்குக் கிளிவெட்டிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கொப்பு மட்டுமில்லை, மரமே இடுப்பளவில் நின்றது. அக்கா ஆள் பிடித்து வெட்டுவித்திருந்தார். வெட்ட வந்தவனுக்குப் படலையைத் திறந்துவிட்டது என் கணவர். "கேட்டவ, ஓம் எண்டனான்" என்றார், ஏதோ சீனி இரவல் கொடுத்தது போல.

என் கோபத்தைத் தெரிந்தவர்கள் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். நானும் அக்காவும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று, தெருவுக்கே கேட்க, வாயில் வந்த எல்லாவற்றையும் சொன்னோம். அதற்குப் பிறகு நேரே ஒரு சொல் இல்லை.

நேரே இல்லையே தவிர, சாடையாக நிறைய இருந்தது. எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டவர்கள் கோழியைப் பார்த்தோ நாயைப் பார்த்தோ சத்தமாகப் பேசுவார்கள். காதில் விழ வேண்டியவருக்கு விழும். பதிலும் அதே வழியால் திரும்பி வரும். அக்காவிடம் ஒரு சிவப்புக் கோழி இருந்தது. "என்ன கோழி, சில பேருக்கு வாய் மட்டும் ஏழு முழம், என்ன?" என்று அதைக் கேட்பார். என்னிடம் கோழியும் இல்லை, நாயும் இல்லை. கிணற்றடி வாளியோடு பேசிப் பார்த்தேன். வாளியிடம் சொல்லி எத்தனை நாளைக்கு ஒருவரை வெல்ல முடியும்?

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அக்கா பழையபடி வேலியடியில் வந்து நின்று "பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். அந்தக் குரல் இல்லாமல் பின்னேரங்கள் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தன. ஆனால் முதலில் அவர்தான் வாய் திறக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவரும் அப்படித்தான் இருந்தார் என்பது கோழியிடம் அவர் சொன்னவற்றிலிருந்து தெரிந்தது. என் கணவர் மட்டும் இரண்டு பக்கமும் நல்லவர். துறைமுகத்தில் எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் கயிறு கட்டுகிற வேலை பார்த்துப் பழகிய மனிதர். "அக்கா, சுகமோ?" என்று அவர் வேலியில் நின்று கேட்கும்போது, உள்ளே நான் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகக் கழுவுவேன்.

இந்த நிலையில்தான் என் நந்தியாவட்டைக்குப் புழு வந்தது. அப்போது அது முழங்காலளவுக் கன்று. பால் வடிகிற அந்த இலையில், ஊருக்குள் திரிகிற மான்கள்கூட வாய் வைப்பதில்லை. புழுவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. உச்சியில் தொடங்கி ஒவ்வொரு இலையாக முடித்துக்கொண்டு வந்தது. ஒரு காலையில் பார்த்தால் செடியில் குச்சியும் புழுவும்தான் மிச்சம். அலரியும் தின்னும் என்று போனில் போட்டிருந்தது. போய் முறித்துக்கொண்டு வந்து வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்து வளவில், வேலியோடு ஒட்டி, அக்காவின் நந்தியாவட்டை கூரை உயரத்துக்கு நின்றது. தினமும் சாமிப் படத்துக்குப் பூப்பறிக்கிற மரம். மயிர்க்கொட்டி என்ற சொல்லைக் கேட்டாலே கழுத்தைத் தடவுகிற அந்த மனுசியிடம் போய், என் புழுவுக்கு இலை தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

வேறு வழியில்லை. அக்கா பூப்பறிக்க வருகிற நேரம் பார்த்துக் குச்சியின் முன்னால் குந்தினேன்.

"ஐயோ ராசா, உனக்குத் தின்ன ஒரு இலையும் இல்லை. அங்காலை காடு மாதிரி நிக்குது. இருந்தென்ன, மனம் வேணுமே!"

பூப்பறிக்கிற சத்தம் நின்றது. பிறகு கோழிக்குச் செய்தி போனது.

"கேட்டியோ கோழி? வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டின மாதிரி, சில பேர் மயிர்க்கொட்டி வளர்க்கினம்."

"உன்ரை உடம்பில ஒரு ரோமம் இருக்கோ ராசா? உன்னைப்போய் மயிர்க்கொட்டி எண்டினம். படிச்ச சனம்தானே!"

அன்று அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் போனால், அக்காவின் மரத்திலிருந்து நல்ல தளதளவென்ற கொப்பொன்று வேலிக்கு மேலால் என் பக்கம் வளைந்து, சணல் கயிற்றால் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. "பாதையை மறைக்குது, அதுதான் கட்டினனான்" என்று அக்கா கோழிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கொப்பு எந்தப் பாதையையும் மறைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

புழுவைக் குச்சியோடு முறித்துக் கொப்பில் சேர்த்தேன். அது ஏறி, எல்லை தாண்டி, அக்காவின் பக்கமே குடிபோய்விட்டது. கோழிக்கு வேலை போனது. இனி இரண்டு பேருக்கும் புழுதான்.

"இப்பிடித் தின்னுறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்று அக்கா அதைக் கேட்பார். "வளர்ற பிள்ளை, தின்னத்தானே வேணும்" என்று நான் அதற்கே பதில் சொல்வேன். மெல்ல மெல்லக் கதை புழுவை விட்டு வெளியே போனது. "ராசா, முழங்கால் நோவில நான் இரவிரவா நித்திரையில்லை" என்று ஒருநாள் சொன்னார். "ராசா, பிண்டத் தைலத்தை இளஞ்சூட்டில பூச வேணும், பச்சைத் தண்ணியில கால் வைக்கப்படாது" என்றேன். மறுநாள், நோ கொஞ்சம் குறைவு என்ற செய்தியும் புழுவுக்குத்தான் வந்தது. இலை தின்பதைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு சீவன், எங்கள் இரண்டு வீட்டு வருத்தங்களையும் அந்த நாட்களில் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பின்னேரம் அதன் பச்சை மங்கி, முதுகெல்லாம் கபில நிறமானது. தின்பதை நிறுத்திவிட்டது. காலையில் கொப்பில் ஆள் இல்லை. கீழே இறங்கிச் சருகுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிற காலம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் சிவப்புக் கோழியைத்தான் சந்தேகித்தேன். அக்கா வந்தார், பூப்பறித்தார், கொப்பைப் பார்த்தார், போனார். வாளியிடம் திரும்பிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே போனது. சண்டை பிடித்த நாட்களில்கூட வளவு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. இனி இப்படியே இருந்துவிடுமோ?

அந்தச் சனிக்கிழமை காலையில் குசினிக்குள் புகை வந்தது. எட்டிப் பார்த்தால், அக்கா நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் சருகைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார்.

அகப்பையோடு ஓடினேன். மானம், வைராக்கியம் எல்லாம் அடுப்படியிலேயே நின்றுவிட்டன.

"அக்கா! கொளுத்தாதையுங்கோ! அதுக்குள்ளதான் அது கிடக்குது! தண்ணி ஊத்துங்கோ, அக்கா!"

அக்கா அசையவில்லை. என்னை நேரே பார்த்தார்.

"எனக்கு அறிவில்லையோ பிள்ளை? அது சருகுக்குள்ள இறங்கின அண்டைக்கே எடுத்துச் சிரட்டைக்குள்ள வைச்சிட்டன். வந்து பார்."

படலையால் போனேன். அவருடைய குசினி மேசையில், ஈர மண்ணும் சருகும் போட்ட சிரட்டை. மேலே நுளம்பு வலைத் துண்டு கட்டி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்திருந்தார். உள்ளே பேரீச்சம்பழம் போல அது கிடந்தது. இவ்வளவு பக்குவமாக நானே செய்திருக்க மாட்டேன். தேத்தண்ணீர் தந்தார். கதிரையில் இருந்து குடித்தேன். முருங்கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மழை தொடங்கிய ஒரு காலையில் "பிள்ளை, ஓடி வா" என்று கூப்பிட்டார். வலையில் பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. ஆமிக்காரரின் உடுப்பைப் போலப் பல பச்சைகள், நடுவே ரோசா நிறத்தில் கோடுகள். இது அந்தப் புழுவிலிருந்து வந்தது என்று அக்கா கடைசிவரை நம்பவில்லை. பகல் முழுவதும் அது அசையாமல் இருந்தது. பொழுதுபட, வலையை அவிழ்த்துச் சிரட்டையை வாசல்படியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் இருந்தோம். பூச்சி முதலில் நடுங்கியது, பிறகு இறக்கை அடிக்கிற சத்தம் காதில் கேட்க எழும்பி, நந்தியாவட்டையை ஒரு சுற்றுச் சுற்றித் துறைமுகப் பக்கம் போனது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"ஏனக்கா, அதை முன்னமே எடுத்து வைச்சிட்டியள். பிறகேன் அண்டைக்கு நெருப்பு வைச்சனீங்கள்? சருகை எப்பவும் தென்னையடிக்குத்தானே போடுறனீங்கள்?"

அக்கா பூச்சி போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு நான் என்ன செய்யிறது? புழுவும் இல்லை. உன்ரை வாயை என்னெண்டு திறக்கப் பண்ணுறது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது, சிரிக்கப் போய்க் கண்ணீரும் வந்தது.

"சும்மா ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே, அக்கா."

"கூப்பிட்டிருப்பன் பிள்ளை. நீ திரும்பிப் பாக்காமல் போயிருந்தால்?"

எனக்கும் அதே பயம்தான் இருந்தது என்று சொன்னேன்.