மூன்று நாள் யோக்கியன்

உப்பளம் பகுதியில் குடியிருக்கும் காசிலிங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. பதினெட்டு வயதில் பஞ்சாலைக்குள் போனவன், ஆலை மூடியதும் கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லாஸ்பேட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் நாலாம் நம்பர் பேருந்தைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறான். உடம்பில் சர்க்கரை ஏறி ஏழு வருடம் ஆகிறது. அந்த ஏழு வருடத்தில் அவன் சர்க்கரையைப் பற்றிப் பேசிய பேச்சைக் கூட்டினால் சில மாதம் தேறும். அதற்காக ஒழுங்காக இருந்த நாட்களைக் கூட்டினால் பன்னிரண்டு.

கணக்கு எளிது. நாலு வருடத்துக்கு முன்னால், ஓட்டுநர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் ஜூன் மாதம் உடல் தகுதிப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று கல்லூரி நிர்வாகம் உத்தரவு போட்டது. கண், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்ப்பார்கள். தேறாதவன் சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் கேட்டில் போய் உட்கார வேண்டும். அங்கே அம்மாவாசை என்ற அறுபத்திரண்டு வயது ஆள் ஏற்கெனவே உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளின் நேரத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். அவரும் பழைய ஓட்டுநர்தான். அந்த நாற்காலி காசிலிங்கத்துக்குப் பெரிய அவமானம். "ஸ்டீரிங் புடிச்ச கையில பேனா புடிக்கிறதுக்கு நாண்டுக்கினு சாவலாம்" என்று அம்மாவாசையின் காதில் விழும்படியே சொல்வான்.

ஆகவே ஒவ்வொரு ஜூனிலும் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் யோக்கியனாகிவிடுவான். காலையில் அருகம்புல் சாறு, பகலில் மோர், இரவில் அரை டம்ளர் கம்பங்கூழ். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து தெற்கே போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, காலையில் மட்டும் ஆறு நடை. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த மாத்திரைகளை அந்த மூன்று நாளும் தேடி எடுத்து விழுங்குவான். ரத்தம் கொடுத்து, எண் நன்றாக இருக்கிறது என்று கேட்டதும், நேரே வெளியே வந்து ரெண்டு பன்னும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிடுவான். நாலு வருடமும் இதே கதை. எண்ணைப் பார்த்து மருத்துவர்கள் திருப்திப்பட்டதில் அவனுக்கு அவர்கள் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

இடைப்பட்ட மாதங்களில் அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். செய்தான், ஒரு சமயத்தில் ஒன்று. வெந்தயத்தை ஊறவைத்து நாற்பத்தோரு நாள் தின்றான். அந்த நாற்பத்தோரு நாளும் பரோட்டாவை விடவில்லை, வெந்தயம் பார்த்துக்கொள்ளும் என்றான். அடுத்த வருடம் நடை. விடிகாலை நாலரைக்கு எழுந்து போனான், ஆனால் படுப்பது பன்னிரண்டரைக்கு. வண்டியில் கண் சொருகியது. தூக்கம்தான் முக்கியம் என்று யாரோ சொன்னதும் நடையை நிறுத்திவிட்டுத் தூங்கினான். பிறகு சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களி. களி உடம்புக்கு நல்லதாயிற்றே என்று மூன்று உருண்டை, அதற்கு ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு. ரத்த அழுத்தம் ஏறியது. களி சூடு என்று அதையும் விட்டான்.

இத்தனைக்கும் வண்டி விஷயத்தில் இவனைப் போல ஒழுங்கு கிடையாது. தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஆறு சக்கரத்திலும் காற்றைத் தட்டிப் பார்ப்பான். ஆயில், தண்ணீர், பிரேக், கண்ணாடி எதையும் விடமாட்டான். ஒரே ஒரு சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு மற்றதை விட்டுவிடும் டிரைவரைக் கண்டால் காறித் துப்புவான். தன் உடம்பை மட்டும் ஏழு வருடமாக அப்படித்தான் ஓட்டினான்.

அவன் மனைவி கமலவேணி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவள். 2024 ஜூன் எட்டாம் தேதி சனிக்கிழமை அவன் அருகம்புல்லும் கையுமாக வந்து நின்றதைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, செக்கப் வந்துட்ச்சா?"

"திங்கக்கிழம. உனக்கு எப்டித் தெரியும்?"

"வருசத்துல மூணு நாளு நீ மாடு மாரி புல்லு துன்ற. தெரியாதா? யார ஏமாத்துற நீ?"

"டாக்டர ஏமாத்துறேன். உனக்கு இன்னா நஷ்டம்?"

"உன் கால் வெரல் ஒண்ணு போனா டாக்டரா வந்து உன்னத் தூக்குவாரு?"

இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்பதுபோல் அவன் மிக்ஸியைப் போட்டான்.

திங்கட்கிழமை ஜூன் பத்து. ஒரு மாத்திரை போடவேண்டிய இடத்தில் மூன்று போட்டான். பயம்தான் காரணம்: ஞாயிறு காலை மச்சான் வீட்டு விருந்தில் ரெண்டு ஜிலேபி உள்ளே போயிருந்தது. அதற்கு ஈடுகட்ட அன்று பகலும் இரவும் பட்டினி, காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த நிலையில் உப்பளத்திலிருந்து வண்டியை எடுத்தான். அஜந்தா சிக்னலில் கை நடுங்கியது. முத்தியால்பேட்டை தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளே நாற்பத்தாறு பிள்ளைகள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தினமும் எட்டு முப்பத்தைந்துக்கு வருகிற நாலாம் நம்பர் அன்று எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்ததாக அம்மாவாசை எழுதினார்.

ஒன்பதரைக்கு வரிசையில் நின்றான். முன்னால் ரெண்டு பேர். தரை மேலே வருவது மாதிரி இருந்தது. அவ்வளவுதான் அவனுக்கு நினைவு.

கண் விழித்தபோது அம்மாவாசை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரையைக் கரைத்து ஸ்பூனில் புகட்டிக்கொண்டிருந்தார். காசிலிங்கம் பதறித் தள்ளினான்.

"யோவ், சக்கர வேணாம்! இன்னும் ரத்தம் குடுக்கல!"

"மூடிக்னு முழுங்குடா. செத்தே பூட்ருப்ப," என்றார் அம்மாவாசை.

கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த மருத்துவர் சிந்துஜா அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, சர்க்கரை மேலே வந்தபிறகு ரத்தம் எடுத்தார். சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்ட ரத்தம் செல்லாது, வேறொரு நாள் வருகிறேன் என்று அவன் வாதாடினான்.

"இது அந்த டெஸ்ட் இல்லீங்க. இன்னிக்கி நீங்க சர்க்கரை குடிச்சதும் இதுல தெரியாது, நேத்து பட்டினி கெடந்ததும் தெரியாது. கடைசி மூணு மாசத்தோட சராசரிதான் தெரியும்."

அப்படி ஒரு பரிசோதனை உலகத்தில் இருக்கிறது என்று ஏழு வருடச் சர்க்கரைக்காரனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய எண் மறுநாள் பத்து புள்ளி ஆறு என்று வந்தது. மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார். "நேத்து ஒரு மணி நேரம் முன்னாடியே மயங்கி இருந்தா, எத்தனை பேருங்க வண்டியில?" சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். செப்டம்பர் பத்தில் மறுபடியும் பரிசோதனை, அதுவரை கேட்.

அவனுக்கு வந்தது வெட்கம் என்று நினைக்க வேண்டாம். அறையை விட்டுப் போகுமுன் அவன் கேட்ட கேள்வி இது:

"டாக்டரம்மா, இந்த டெஸ்ட்டுக்கு எத்தினி நாள் முன்னாடி பத்தியம் ஆரம்பிச்சா சரியா வரும்?"

"தொண்ணூறு நாள்."

"அதுல எது முக்கியம்? சாப்பாடா, நடையா? ஒண்ணு சொல்லுங்க, அத மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிறேன்."

"சாப்பாடு, நடை, மாத்திரை, தூக்கம். அப்புறம் கோவத்தையும் குறைக்கணும். எல்லாம்."

"எல்லாம் ஒரே சமயத்துலயா? மனுசனால ஆவுற காரியமா?"

"கேட்ல உக்காந்திருக்காரே, அவருக்குப் பதினாலு வருஷமா சுகர் இருக்கு. அறுபது வயசு வரைக்கும் பஸ் ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவரு. போய்ப் பாருங்க."

சர்க்கரையால்தான் அந்த ஆளைக் கேட்டுக்குத் துரத்தினார்கள் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லி வந்தவன் காசிலிங்கம்.

கேட்டில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். எட்டு முப்பத்தைந்துக்கு நாலாம் நம்பர் வரும். ஓட்டிவருபவன் வினோத்குமார் என்ற முப்பது வயதுக்காரன். வளைவில் கியரை அரைப்பான். அந்தச் சத்தம் காசிலிங்கத்தின் பல்லில் கூசும். மூன்றாம் நாள் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். திருந்துவது என்றல்ல; இந்தப் பரிசோதனையையும் ஏமாற்றுவது என்று. தொண்ணூறு நாள் நடிக்க வேண்டும், அவ்வளவுதானே.

நடிப்புக்கு வாத்தியார் வேண்டும், கேட்பதற்கோ மானம் இடம் தரவில்லை. ஆகவே வேவு பார்த்தான். அம்மாவாசை டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கழுத்து நீளும். ஒரு நாள் பிடிபட்டான்.

"இன்னாத்துக்குடா என் டப்பாவையே மோப்பம் புடிக்கிற?"

"யாரு மோப்பம் புடிச்சா? கொசு அடிச்சேன்."

"ரெண்டு கரண்டி சோறு, ரெண்டு மடங்கு அவரைக்கா பொரியல், ஒரு துண்டு சங்கரா மீனு. எழுதிக்கோ. நாளைக்கி எட்டிப் பாத்து கழுத்த சுளுக்கிக்காத."

எழுதிக்கொள்ளத்தான் செய்தான். ஆனால் முதல் மாதம் எல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்தது. நடையைக் கூட்டினால் பசி கூடி ரெண்டு தோசை அதிகம் போயிற்று. தோசையைக் குறைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை. தூங்காத மறுநாள் கமலவேணியிடம் எரிந்து விழுந்தான். அவள் தட்டை நகர்த்திவிட்டுப் போனாள், அவன் மாத்திரையை மறந்தான். இரவுச் சாப்பாட்டை எட்டுக்குள் முடித்து, நடையை முக்கால் மணியோடு நிறுத்தி, செல்போனைப் பத்துக்கு அணைத்த பிறகுதான் ஒன்று இன்னொன்றைத் தள்ளாமல் நின்றது. அதற்கு ஐந்து வாரம் பிடித்தது. வண்டியாக இருந்தால் ஒரு காலைப்பொழுதில் சரிசெய்திருப்பான்.

செப்டம்பர் பத்தாம் தேதி ரத்தம் கொடுத்தான். மறுநாள் புதன்கிழமை எண் வந்தது: ஏழு புள்ளி நாலு. மருத்துவர் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்தார், சாவி கைக்கு வந்தது. அதை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டுக்கு வந்தான். இரவுக்கு மட்டன் பிரியாணி வாங்கி வருவதாகக் கமலவேணிக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டிருந்தான்.

"பாத்தியா அம்மாவாச? இதையும் ஏமாத்திட்டேன்."

அம்மாவாசை சீட்டை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளி, அடிவரை படித்தார்.

"கீழ இன்னா போட்ருக்கு, படிச்சியா?"

"இன்னா?"

"டிசம்பர் பத்து, மறுபடியும் ரத்தம். அதையும் ஏமாத்தணும்னா இன்னியிலேர்ந்து ஆரம்பிக்கணும்டா. நான் அம்பத்தாறு தபா ஏமாத்திட்டேன்."

காசிலிங்கம் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான். தேதி இருந்தது. அதற்கப்புறம் மார்ச், அதற்கப்புறம் ஜூன் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனான். எங்கும் நிற்கிற வழியாகத் தெரியவில்லை. தன்னை ஏதோ ஒரு பெரிய கும்பல் கூடிச் சதிசெய்துவிட்டது போல மருத்துவர் அறையையும் அம்மாவாசையையும் மாறிமாறி முறைத்தான். பிறகு செல்போனை எடுத்தான்.

"கமலா, பிரியாணி வேணாம். காலையில வெச்ச கொழம்பே போதும். நீயும் நாளெல்லாம் நின்னு காலு வலிக்கும், சீக்கிரம் சாப்ட்டுட்டுப் படுக்கலாம்."

அதையும் அவளுக்கு ஏதோ சலுகை செய்கிறவன் மாதிரிதான் சொன்னான்.