வடிகால் மேல் போட்ட வாசல்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல், சாயப்பட்டறை என்று ஊர் ஊராகச் சுற்றியவன். ஒரே வீட்டில் இரண்டு பொங்கல் வைத்தது அபூர்வம். கோவில்பதாகையில் தங்கி, வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவியின் சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்வரும் தூரம்தான். ஆனால் மழை பிடித்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ உள்ளே வராது. போன வருஷம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நானும் எதிர்வீட்டுக்காரரும் மெயின்ரோடு வரை தூக்கிப்போனோம். ஒருநாள் தண்ணீர் இடுப்பைத் தொட்டதால் பாதியில் திரும்பிவிட்டோம். மறுநாள் அவளுக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு வாங்கியது. இந்த மழைக்கு ஆட்டோ வாசலுக்கு வந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வடிகாலோ தெருவிளக்கோ குப்பையோ, போனில் புகார் பதிந்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். காலையில், ஆட்களைப் பிரித்து அனுப்பும் நேரத்தில், வார்டு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வேலை வாங்கும் மேற்பார்வையாளரைப் பாருங்கள். கத்தாதீர்கள். எந்தத் தெரு, எந்த வீட்டுக்கு எதிரில் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு வடிகாலைத் தூர் வாரச் சொல்லி நானும் அப்படித்தான் போனேன். தெருப் பெயரைக் கேட்டதும் மேற்பார்வையாளர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"உங்க தெருவுக்கு ஏற்கெனவே வந்து திரும்பிட்டோம்பா. கால்வா எங்க கீது, காட்டு பாப்போம்."

"ஊட்டு வாசல்லதான் சார்."

"அதான் நானும் சொல்றேன். மூடியெல்லாம் உங்க வாசலுக்கு அடியில கீது. உங்க டைல்ஸ ஒடச்சி எங்க ஆளுங்க திட்டு வாங்கணுமா? மூடியத் தொறந்து வையி. வண்டி எடுத்துகினு நானே வரேன்."

திரும்பி வந்து பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். சாலை உயர உயர வீடு பள்ளமாகிவிடும் என்று பயந்து, எங்கள் பக்கத்தில் எல்லோரும் மனையை மேடாக்கித்தான் கட்டுகிறார்கள். மேட்டுக்கு பைக் ஏற வேண்டும், அதனால் வாசலில் ஒரு சிமெண்ட் ஸ்லோப். அது வடிகால் மூடியின் மேலேயே உட்காரும். கொசு வருகிறதென்று இடுக்கையும் பூசிவிடுவார்கள். ஒரு வீட்டில் அதன்மேல் செம்பருத்தித் தொட்டி. மூலை வீட்டில் கிரானைட். தெருத் தண்ணீர் முழுவதும் அந்த மூலை வீட்டைத் தாண்டித்தான் பெரிய கால்வாய்க்குப் போக வேண்டும்.

முதலில் எங்கள் ஹவுஸ் ஓனரிடம் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

"இன்னா நைனா, வாடகைக்கு வந்துட்டு வாசல ஒடைக்கணும்ன்ற. நாளைக்கு நீ மூட்ட கட்டிகினு பூடுவ. நான் குழியில உழுந்து கெடக்கணுமா?"

"போறதா இருந்தா போன மழையிலயே போயிருப்பேண்ணே. ஒடச்ச எடத்துல இரும்புல கம்பி மூடி பண்ணித் தரேன். பைக்கும் ஏறும், வேணும்னா தொறக்கலாம்."

"எவனாவது தூக்கினு பூட்டான்னா?"

"கீல் வெச்சு பூட்டுப் போட்டுடலாம்."

"கால்வாய்க்குப் பூட்டா! நல்லா கீதுடா உன் கத." சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, மூடி இருக்கும் இடத்தை அவரே செருப்புக் காலால் தட்டிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தேன். மூடி பெயர்ந்ததும் விளிம்பு வரை கறுப்புச் சேறு. பக்கத்து ஃப்ளாட்டில் ஐ.டி. வேலை பார்ப்பவர் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே வந்தார்.

"எங்க வாசலுக்கு அடியிலயும் இப்படித்தான் இருக்குமா?"

"இதவிட ஜாஸ்தியா இருக்கும் சார்."

அவரும் தன் வாசலை உடைக்கச் சொல்ல, மற்ற வீட்டுக்காரர்களும் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் மூலை வீடு தவிர எல்லா வாசலிலும் மூடி திறந்துவிட்டது. முடிந்தவரை சேற்றை நாங்களே மண்வெட்டியால் வாரினோம்.

மூலை வீட்டுக்காரர் மட்டும் மசியவில்லை. தினமும் அவர் பைக் எடுக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன்.

"இன்னிக்கும் வந்துட்டியா? உனுக்கு வேற வேலையே இல்லியா?"

"இப்போதைக்கு இதுதாண்ணே வேல."

"உன் கடப்பாரைக்கா நான் கிரானைட்டு போட்டேன்? போ, போ."

அந்த வாரமே திடீரென்று ஒரு மழை. முன்பெல்லாம் தெரு முழுவதும் பரவி நின்ற தண்ணீர், இப்போது வடிகாலுக்குள் இறங்கி ஓடி, அடைத்திருந்த இடத்தில் முட்டிக்கொண்டு அவர் கேட்டுக்கு உள்ளே பொங்கியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"கடப்பாரைய எடுத்துகினு வாய்யா! நின்னு இன்னா வேடிக்க பாக்குற?"

நனைந்துகொண்டே இரண்டு பேரும் கிரானைட்டை உடைத்தோம். மறுநாள் காலையில் நான் போய்ச் சொல்ல, மேற்பார்வையாளர் தூர் வாரும் வண்டியோடு வந்தார். வண்டி கெட்டிப்பட்ட சிமெண்ட் மூட்டைகளையும் பைக் டயரையும் வெளியே இழுத்தது.

கார்த்திகையில் பெருமழை பெய்தது. தண்ணீர் நிற்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். கணுக்கால் அளவு நின்றது. ஆட்டோ வாசலுக்கு வந்தது. என் மனைவி, நான் செய்து போட்ட கம்பி மூடியைத் தானாகவே தாண்டி ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே நானும் ஏறப் போனேன்.

"நீ எங்க வர? கால்வா கால்வான்னு எத்தினி நாளு லீவு போட்ட? பட்டறைக்குப் போ" என்றாள்.

ஆட்டோ மூலை திரும்பியதும் பட்டறைக்கு நடந்தேன்.