டீச்சருக்கென்று வைத்த கட்டு

மெஹ்ஜபீன் டீச்சர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பென்னாகரத்தில் யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே நாலு வாய். அப்புறம் துணி காயப்போட வேண்டும், கேட்டைப் பூட்ட வேண்டும், பூட்டியது பூட்டியதுதானா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுக்கிறார். பலகையில் வேரை வரைந்துகொண்டே வராந்தாவில் யார் போகிறார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பார். கணவர் சலாவுதீனுக்கு நேர்மாறான உடம்பு. செருப்புக் கடையை மதியம் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு தூங்கிப்போவார்.

மகள் நஜ்மா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நாற்பது நாள் முடியும்வரை கீரை, புளிப்பு எதுவும் ஆகாது என்று சம்பந்தியம்மாள் ஓசூரிலிருந்து தினமும் போனில் சொல்வார். டீச்சருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "கீரையில இரும்பு இருக்கு. உங்க மாமியார் எந்த காலேஜ்ல படிச்சாங்க?" என்று மகளிடம் சீறி, தட்டில் கீரையை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் பறந்துவிடுவார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் புளிச்சக்கீரை போட்டுக் கறி வைத்தார். ஏரியூர்ப் பக்கமிருந்து கூடையில் கீரை கொண்டுவரும் சுகுணாவிடம் வாங்கியது. கண்ணாடிகூடப் போடாமல் அவசர அவசரமாக ஆய்ந்து, நெய்யில் வதக்கி, ஆட்டுக்கறியோடு குக்கரில் ஏற்றினார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, குப்பையைக் கொட்டப் போனபோதுதான் முறத்தில் கிடந்த ஒரு தண்டு கண்ணில் பட்டது.

புளிச்சை இலையும் விரல் விரித்தாற்போலத்தான் இருக்கும். ஆனால் அந்த விரல்கள் அடியில் ஒட்டியிருக்கும். இதில் ஒவ்வொரு விரலும் தனி இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல். கசக்கி மோந்து பார்த்தார். இத்தனை வருஷம் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர், கஞ்சா இலையைக் கறியில் போட்டு, பால் கொடுக்கிற மகளுக்குப் பரிமாறியிருக்கிறார். தானும் நாலு வாய் சாப்பிட்டது அவருக்கு நினைவே வரவில்லை.

"நஜ்மா, நான் வர்ற வரைக்கும் பாப்பாவுக்குப் பால் குடுக்காதே. கீரை சரியில்ல."

"அம்மி, நான் வந்து..." என்று நஜ்மா வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கீரை எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். சுகுணாவின் காட்டில் போலீஸ் வந்து நிற்கும். போகாவிட்டால், கண்ணே சரியாகத் திறக்காத பேத்தி. முதலில் ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்வோம் என்று டீச்சர் கடைவீதிக்கு வண்டியைத் திருப்பினார். சுகுணா கூடையோடு அங்கேதான் இருந்தாள்.

"இந்தத் தண்டை எங்க பறிச்சே?"

"கேழ்வரகுக் காட்டு ஓரத்துலதானுங்க டீச்சர். எப்பவும்போல நாலு வூட்டுல வெதை வாங்கி, ஒண்ணா கலந்து தூவுனது. அதுல ஒரு செடி மட்டும் தலைக்கு மேல போயிருச்சுங்க. எலையும் பெருசு பெருசா இருந்துச்சு. நல்ல எலையாச்சேன்னு டீச்சருக்குன்னு தனியா வெச்சுக் கட்டுனேன்."

"வேற யாருக்காவது குடுத்தியா?"

"இல்லீங்க."

"பூ வெச்சிருக்கா?"

"இன்னும் வெக்கலீங்க. ஏனுங்க, புழு கிழு இருந்துச்சுங்களா?"

டீச்சர் குனிந்து காதோரம் சொன்னார். சுகுணா கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு பீடி வாடைகூட ஆகாதுங்க டீச்சர்," என்றாள்.

"போய் வேரோட பிடுங்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் வண்டியைக் கிளப்பினார். போன் அடித்தது. நஜ்மா. குழந்தை பசியில் அழுகிறது என்பாள். அதைக் கேட்கிற தெம்பு இல்லை, எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஆரோக்கியராஜ் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். டீச்சர் இலையை நுண்ணோக்கியில் வைத்தார்.

கஞ்சாவின் மயக்கம் இலைச்சாற்றில் ஓடுவதில்லை. அது செடியின் தோல்மேல் இருக்கிற, உருண்டைத் தலை கொண்ட நுண்ணிய முடிகளில் உண்டாவது. அந்தத் தலையிலுள்ள செல்கள் முதலில் ஓர் அமிலத்தைச் செய்யும். பிறகு ஒரு நொதி அதை வேறோர் அமிலமாக மாற்றும். அது தலையின் மெல்லிய உறைக்குள் பிசினாகச் சேரும். பெண் செடியின் பூக்கொத்தில் இந்தத் தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பூக்காத செடியின் அகல இலையில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். டீச்சர் கண்ணை வைத்துத் தேடினார். கூர்முடிகள்தான் நிறைய. உருண்டைத் தலைகள் குறைவு.

மூச்சு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. பச்சையாக இருக்கும்வரை அந்த அமிலம் மயக்காது. சூடு பட்டால்தான் கரியமில வாயுவை இழந்து மயக்கும் பொருளாகும். கொழுப்பில் கரையும். தாய்ப்பாலிலும் கொழுப்பு உண்டு. செடி பாதியில் விட்டிருந்த வேலையை டீச்சரின் நெய்யும் குக்கரும் முடித்துவைத்திருக்கின்றன. குறைவு என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? போன் மறுபடி அடித்தது. எடுக்காமல் பைக்குள் போட்டார். மகளையும் பேத்தியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது, சுகுணாவுக்கு என்ன வந்தாலும் கூட நிற்பது என்று முடிவெடுத்து வீட்டுக்கு விரட்டினார்.

உள்ளே நஜ்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்காதேன்னு சொன்னேன்ல. அந்தக் கறியில கஞ்சா இலை விழுந்திருக்கு, நஜ்மா." டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் அந்தக் கறியைத் தொடவே இல்ல அம்மி," என்றாள் நஜ்மா. "இன்னைக்கும் முட்டையும் சோறும்தான். வந்ததுலேருந்து நீங்க வைக்கிற கீரையெல்லாம் அப்பா தட்டுக்குத்தான் போகுது. அத்தை வேண்டாங்கறாங்க, நீங்க திட்டறீங்க, நான் என்ன பண்றது? அதைச் சொல்லத்தான் போன் மேல போன் போட்டேன்."

"நான் பக்கத்துலயேதானே இருக்கேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"தட்டை வெச்சிட்டு ஓடிடறீங்க. நான் சாப்பிடறதை என்னைக்கு நின்னு பாத்திருக்கீங்க?"

டீச்சர் பக்கத்து அறைக்குப் போய்ச் சலாவுதீனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு பங்குக் கீரை அந்த உடம்பில் ஏதாவது செய்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவர் தினமும் இப்படித்தான் தூங்குவார். ஒரு கண்ணைத் திறந்து, "டீயா?" என்றார்.

திரும்பி வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத முடியைத் தேடி ஊரைச் சுற்றி வந்தாயிற்று. பேத்தியின் தொண்டை ஒவ்வொரு மடக்குக்கும் ஏறி இறங்குவதை அன்றுதான் முழுதாகப் பார்த்தார்.

போன் அடித்தது. ஓசூர். நஜ்மா பயந்துகொண்டே கையை நீட்டினாள். டீச்சர் தானே எடுத்தார்.

"ஆமா சம்பந்தி," என்றார், உட்கார்ந்தபடியே. "நீங்க சொன்ன மாதிரியே, அவ கீரையைத் தொடறதே இல்ல."