பழைய டிஸ்க் வயர்

கோபம் வந்தால் எனக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ கீபோர்டையும் ஒரு கண்ணாடிக் கதவையும் உடைத்திருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் கம்ப்யூட்டரையும், புதிதாக வாங்கிய ஆயிரம் வாட் பவர் சப்ளையையும் கொண்டுவந்து வைத்தார்.

"நல்ல சரக்கான்னு பாத்து மாட்டிக் குடுங்கண்ணே. உள்ள எங்கப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ இருக்குது, திருநாவலூர் கோயில்ல எடுத்தது. போன மாசம் அவரு தவறிட்டாரு. ரெண்டு டிஸ்க்லயும் போட்டு வெச்சிகினுதான் இருக்கேன், இருந்தாலும் சொல்றேன்."

இரண்டு டிஸ்க்கும் ஒரே கேபினெட்டுக்குள் இருந்தன. அது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

சப்ளையைத் தூக்கியபோதே கனம் தெரிந்தது. ஃபேன் கம்பி இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கெப்பாசிட்டர் எல்லாம் ஒசத்தி, சால்டரிங் வழித்து விட்டதுபோல் சுத்தம். லோடு கொடுத்து மீட்டர் வைத்தால் பன்னிரண்டு வோல்ட் அசையாமல் நின்றது. நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன், சப்ளையில் தனியாகச் செருகிக் கழற்றும் வயர்தான் கெடுத்தது. தடிமன் சரி, ஆனால் விறைப்பு. டிஸ்க்குக்குப் போகும் வயர் வேறு ஒரு சாண் குட்டை. பின்பக்கம் சுற்றிக் கட்ட வராது. பழைய சப்ளையின் இதேபோன்ற வயர்களை, முன்பு இந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தபோது நான் அரை நாள் உட்கார்ந்து டேக் போட்டு, சடை பின்னியதுபோல் கட்டியிருந்தேன். பார்க்கிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதை அறுக்க மனசு வரவில்லை.

என்னோடு கடையில் வேலை பார்த்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. முப்பது வயது ஆள். அவனிடம், "சேர்ற வயர அப்படியே உட்டுடு. சேராதத மட்டும் புதுசு மாட்டு" என்றேன்.

"கம்பெனி வேறயா இருக்குது மாமா. எல்லாத்தியும் மாத்திடலாங்களே."

"நான் கட்டுனத நீ அவுக்காத. சொன்னத செய்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் சப்ளை பக்கத்தில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்ற வரிசையைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைக்கிறார்கள். எனக்குத் தெரியாத விஷயமில்லை. மற்ற கடைக்காரர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். மதர்போர்டு வயர் சேரவில்லை, மாற்றினான். பழைய டிஸ்க் வயர் கச்சிதமாகச் சேர்ந்தது, நான் சொன்னபடியே விட்டான். ஸ்விட்ச் போட்டதும் ஐந்து வோல்ட் போகவேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிற்று.

நான் திரும்பி வரும்போது கடை முழுக்கக் கருகல் நாற்றம். கம்ப்யூட்டரை வாங்கிப் போக வந்திருந்த ஸ்டுடியோக்காரர் இரண்டு டிஸ்க்கையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டு நின்றார்.

"இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்கான் இவன்?"

மச்சான் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்கதான..." என்று ஆரம்பித்தான்.

அந்தப் பேச்சு முடியக் கூடாது. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். வாயிலேயே குத்தினேன். மறுபடி வாயைத் திறந்தான், மறுபடி குத்தினேன். மேஜை மூலையில் மண்டை இடித்து உட்கார்ந்தான். காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். ஸ்டுடியோக்காரருக்கும் வெறி ஏறிவிட்டது. புது சப்ளையோடு வந்த அந்த விறைத்த வயர்க் கட்டை எடுத்து முகத்திலும் கழுத்திலும் விளாசினார். "செத்த மனுசன மறுபடி கொன்னுட்டியேடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நான் காலரை விடவில்லை. அவர் அடிப்பதற்குத் தோதாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. அரைப் பல்லைத் துப்பினான், குழாயில் வாயைக் கொப்பளித்தான், போய்விட்டான். வண்டியிலிருந்து விழுந்ததாக அக்காவிடம் சொல்லியிருந்தான். இப்போது உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறான்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டுடியோக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். சென்னையில் கொடுத்து ஒரு டிஸ்க்கின் கருகிய சர்க்யூட் போர்டை மாற்றி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாராம்.

"அப்பா கெடச்சிட்டாருண்ணே. அவன மட்டும் திரும்பச் சேத்துக்காதீங்க."

பாக்ஸை வாங்கினேன். வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இந்தத் தடவை எனக்கு விழும் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்தார்.

"அவ்ளோ அடி வாங்கிக்கினு அவன் ஏண்ணே வாயத் தொறக்கல? திருப்பி ஒரு அடி அடிச்சிருக்கலாமே."

"அவங்க அக்கா என் வூட்லதான இருக்கா" என்றேன்.