மாமனார் ஹாலில் படுத்த இரண்டு மாதம்

எண்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் மாமனார் மாமியாரோடு குடித்தனம். மாமனாருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். இனி பயமில்லை என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்தவர் அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். தம் வேட்டியைத் தாமே துவைத்துக்கொண்டார். மாமியாரிடம் பேச்சே குறைந்துபோயிற்று.

“என் மேல என்ன கோவம்னே தெரியலையேடி,” என்று மாமியார் என்னிடம் கண் கலங்கினார்.

கோபமில்லை என்று எனக்குத் தெரியும். சிறுநீர் அடங்காமல் சொட்டுகிறது. கணவன் மனைவி உறவும் முன்போல் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் என்னிடம் அதில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினார்; நானே புரிந்துகொண்டேன். மருமகள் நான் இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதும் தப்பில்லையா? குழந்தையைத் தூளியில் ஆட்டியபடி வாரக்கணக்கில் யோசித்தேன்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் தும்மினால் சொட்டும். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லித்தந்திருந்தாள்: சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி, பத்து எண்ணி விட வேண்டும். ஆண்களும் செய்யலாமா? டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கணவரிடம் கொடுக்க இந்த ஒரு வரியை எழுத நான்கு காகிதம் கிழித்தேன். தாராளமாகச் செய்யட்டும் என்று டாக்டர் சொன்னதாகக் கணவர் வந்து சொன்னார், காது சிவக்க.

அதற்குப் பிறகுதான் தைரியம் வந்தது. அடுக்களையில் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் தும்மல் உட்பட.

“ஆறு பெத்தவள்ட்ட வந்து தும்மலைப் பத்திச் சொல்றயாக்கும்?” என்று சிரித்தவர், கையைத் துடைத்துக்கொண்டு நேரே ஹாலுக்குப் போனார்.

“ஏன்னா, உங்களுக்கு மட்டுமில்லை, இந்தாத்துல மூணு பேருக்குச் சொட்டறது. இறுக்கிப் பிடிச்சுப் பத்து எண்ணணுமாம். எண்ணுங்கோ.”

“மெதுவாப் பேசேன்! தெருவுக்கே கேக்கும்.” மாமனார் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். “அது மட்டும்னா சரி. இன்னொண்ணும்...”

“அதுவும் தெரியும். பின்னே? அதுக்காகவா முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினேன்? தூக்கம் வர்ற வரைக்கும் வம்பு பேச எனக்கு ஆள் வேணும். வாயில ஆபரேஷன் பண்ணலையே?”

பேப்பர் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே பாய் உள்ளறைக்குப் போயிற்று. ரப்பர் ஷீட்டை மாமியாரே விரித்தார். சொட்டுவது குறைய மாதக்கணக்காயிற்று. முழுக்க நின்றதென்று சொல்ல முடியாது. ஆனால் அன்றே கதவுக்கு அந்தப் பக்கம் இருவர் குரலும் கேட்டது. என் பிறந்த வீட்டுச் சாம்பாரைப் பற்றித்தான் வம்பு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.